அம்மா பெயரிலேயே அழையுங்கள்

கேள்வி: என் தங்கைக்கு ஆவணியில் திருவந்திபுரத்தில் கல்யாணம். அப்பா தவறிவிட்டார். அம்மா பெயரில் பத்திரிகை அடிக்கக் கூடாது, பெரியப்பா பெயரில்தான் அழைக்க வேண்டும் என்று உறவில் சொல்கிறார்கள். அம்மா ஒன்றும் பேசாமல் இருக்கிறார். மாப்பிள்ளை வீடு புதுச்சேரி லாஸ்பேட்டை. வாசகத்தை எப்படி அமைப்பது?
- ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அம்மா பெயரில்தான் அழைக்க வேண்டும். இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கம் இல்லை. பெண்ணைப் பெற்று, வளர்த்து, சம்பந்தம் பேசி, நகைக்கும் சத்திரத்துக்கும் அலைகிறவர் அவர். தன் பெண்ணின் கல்யாணத்துக்கு அவர் கூப்பிடாமல் வேறு யார் கூப்பிடுவது? முத்தியால்பேட்டையில் என் அண்ணி, அண்ணன் காலமான பிறகு, மகன் கல்யாணத்துக்குத் தன் பெயரிலேயே பத்திரிகை அடித்தார். மண்டப வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்றதும் அவர்தான். வந்தவர்கள் வயிறார சாப்பிட்டு வாழ்த்திவிட்டுத்தான் போனார்கள். அம்மா பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள்.

வாசகம் இப்படி இருக்கலாம்:

"அன்புடையீர், வணக்கம். நிகழும் பராபவ வருடம் ஆவணி மாதம் … ஆம் தேதி, என் கணவர் தெய்வத்திரு … அவர்களின் ஆசியோடு, எங்கள் இளைய மகள் … க்கும், லாஸ்பேட்டை திரு … திருமதி … தம்பதியரின் மகன் … க்கும் பெரியோர்கள் நிச்சயித்தபடி திருவந்திபுரத்தில் திருமணம் நடைபெறுகிறது. தாங்கள் குடும்பத்துடன் வந்து மணமக்களை வாழ்த்த வேண்டுகிறேன்."

கீழே "தங்கள் அன்புள்ள" என்று போட்டு அம்மாவின் பெயர் மட்டும். முடிவில் "வேண்டுகிறேன்" என்றே இருக்கட்டும், அழைப்பவர் ஒருவர்தானே. பெரியப்பாவை விட்டுவிட வேண்டாம். "திருமணத்தை முன்னின்று நடத்துபவர்" என்று அவர் பெயரையும், அதற்கடுத்து தாய்மாமன் பெயரையும் போடுங்கள். பத்திரிகை அச்சுக்குப் போகும் முன் நீங்களே பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். அச்சடித்து வந்த பிறகு பார்த்தால் யாருக்கும் மனசு சுருங்கும்.

வருடத்தின் பெயரைக் கவனியுங்கள். அச்சகத்தில் பழைய பத்திரிகையை எடுத்துத் திருத்தும்போது போன வருடத்து விசுவாவசு அப்படியே நின்றுவிடும்.

அப்புறம் இடம். முகூர்த்த நாளில் திருவந்திபுரத்தில் ஒரே காலையில் எத்தனையோ கல்யாணங்கள் நடக்கும். தேவநாத சுவாமி கோயில் என்று மட்டும் போட்டால், புதுச்சேரியிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வருகிற மாப்பிள்ளை வீட்டார் பட்டுப்புடவைக் கூட்டத்துக்கு நடுவே உங்களைத் தேடுவார்கள். தாலி கட்டுவது எங்கே, சாப்பாடு எந்த மண்டபத்தில், முதல் நாள் மாலை வரவேற்பு உண்டா, மூன்றையும் தனித்தனி வரியாகப் போடுங்கள். உதவிக்கு அழைக்க ஒரு செல்போன் எண்ணும் இருக்கட்டும். ஆனால் அது அம்மாவுடையதாக இருக்க வேண்டாம், அன்றைக்கு அவருக்குப் போன் எடுக்க நேரம் இருக்காது. மாப்பிள்ளை வீட்டார் தனியாகப் பத்திரிகை அடித்தால், நேரமும் இடமும் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

மணமக்கள் பெயரை ஆதாரிலும் சான்றிதழிலும் உள்ளபடியே, இனிஷியலோடு அச்சிடுங்கள். செல்லப்பெயரோ, எண் கணிதத்துக்காக மாற்றிய எழுத்தோ வேண்டாம். தமிழ்நாட்டில் 2009 ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும், அதற்கு 90 நாள் அவகாசம். பதிவுக்குப் போகும்போது பத்திரிகையையும் கேட்பார்கள். ஆகவே நான்கைந்து பத்திரிகைகளைத் தனியே எடுத்து வையுங்கள்.