ஆறாம் வகுப்புக்காக வீடு மாற வேண்டுமா?

(பதில் தருபவர், அமெரிக்க அரசுப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு ஆசிரியை)

கேள்வி: மகள் செப்டம்பரில் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். நியூஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் எங்கள் பகுதி அரசு மிடில் ஸ்கூலில் (6 முதல் 8-ஆம் வகுப்பு வரை) பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். இணையத்தில் அந்தப் பள்ளிக்குப் பத்துக்கு நாலு மதிப்பெண்தான் போட்டிருக்கிறார்கள். இதே மாநிலத்தில் உள்ள எடிசன் ஊர்ப் பக்கம் போய்விடுங்கள் என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யலாம்?

பதில்: அந்த நாலை மட்டும் நம்பி வீட்டை மாற்றாதீர்கள். இங்கே சட்டப்படி 3 முதல் 8-ஆம் வகுப்பு வரை வருடாவருடம் வாசிப்புக்கும் கணக்குக்கும் மாநிலத் தேர்வு உண்டு. இரண்டு வருடம் முன்பு எகிப்திலிருந்து வந்த பிள்ளையும் இங்கேயே பிறந்த பிள்ளையும் ஒரே ஆங்கில வாசிப்புத் தாளைத்தான் எழுதுகிறார்கள். புதிதாக வந்த பிள்ளைகள் நிறைய இருந்தால் பள்ளியின் தேர்வுச் சராசரியும், அதோடு அந்த இணைய மதிப்பெண்ணும் இறங்கத்தான் செய்யும். அதனால் உங்கள் மகளுக்குப் பாடம் மோசமாக நடக்கும் என்று ஆகிவிடாது. நியூஜெர்சி கல்வித் துறை ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிடும் செயல்பாட்டு அறிக்கையில், பிள்ளைகள் ஒரு வருடத்தில் எவ்வளவு முன்னேறினார்கள் என்ற கணக்கும் இருக்கிறது. அதைப் பாருங்கள்.

அப்புறம் பள்ளிக்கு நேரில் போங்கள். பள்ளியின் மாணவர் ஆலோசகரிடம் (கவுன்சிலர்) ஒன்று கேளுங்கள்: எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா (இயற்கணிதம்) உண்டா, யாருக்கு, எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? அந்த முடிவு பெரும்பாலும் ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும். பெற்றோர்கள் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

இன்னொன்று, எனக்கு ரொம்ப முக்கியமானது. பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் இருந்தால் தானாகப் பழகிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். மதிய உணவு நேரத்தில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு மேசை என்று பிரிந்துதான் உட்காருவார்கள். ஆசிரியர்தான் அவர்களை வகுப்பில் கலந்து உட்கார வைக்க வேண்டும். 1971-இல் டெக்சாஸின் ஆஸ்டினில், கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் சேர்ந்து சண்டை மூண்டபோது, எலியட் அரன்சன் என்ற உளவியலாளர் 'ஜிக்சா' முறையைக் கொண்டுவந்தார். பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு. மற்றவர் சொல்லித் தந்தால்தான் பாடம் முழுதாகும்.

நானும் அப்படித்தான் நடத்துகிறேன். 1930-களில் அமெரிக்காவைத் தாக்கிய புழுதிப் புயல்கள் பற்றிய பாடத்தில், ஹோண்டுராஸிலிருந்து வந்த மாணவிக்கு 'மழை ஏன் பொய்த்தது' பகுதி. அவள் ஆங்கிலச் சொல்லுக்குத் திணறும்போது பக்கத்துப் பையன் பென்சிலைத் தட்டிக்கொண்டே இருந்தான். அவள் சொல்லாமல் தன் விடைத்தாள் நிரம்பாது என்று புரிந்ததும், படம் வரைந்து காட்டச் சொல்லிக் கேட்டான். வெடித்த நிலத்தை அவள் வரைந்தாள். அதற்கான சொற்களை அவன் எழுதினான். உங்கள் பள்ளியில் இப்படி ஏதாவது நடக்கிறதா என்று கேளுங்கள். நடந்தால் தயங்காமல் சேருங்கள்.

கேள்வி: பள்ளியில் புத்தகம் வைக்கும் லாக்கரைத் திறக்க வராது, அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிடும் என்று மகன் இப்போதே அழுகிறான்.

பதில்: ஆறாம் வகுப்பில் நுழைகிற நிறையப் பிள்ளைகளுக்கு இதே பயம்தான். சுழற்றித் திறக்கும் எண் பூட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். வலப்பக்கம் சில சுற்று சுற்றி முதல் எண்ணில் நிறுத்தவேண்டும். இடப்பக்கம் முதல் எண்ணை ஒரு தடவை தாண்டி இரண்டாவது எண். திரும்ப வலப்பக்கம் நேராக மூன்றாவது எண். கோடை விடுமுறையில் பழகினால் போதும்.

கேள்வி: என் ஆங்கிலம் சுமார். ஆசிரியர் சந்திப்புக்கு மகளையே மொழிபெயர்க்க வைக்கலாமா?

பதில்: வேண்டாம். 'உங்கள் மகள் வீட்டுப்பாடம் தருவதில்லை' என்பதை அவளையே எப்படிச் சொல்ல வைப்பது? உங்களுக்குப் புரியும் மொழியில் விஷயத்தைச் சொல்வது பள்ளியின் கடமை. 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்திலிருந்து வருவது அது. சான் பிரான்சிஸ்கோவின் சீனக் குடும்பங்கள் தொடுத்த வழக்கில், மொழி புரியாத பிள்ளையைச் சும்மா வகுப்பில் உட்கார வைப்பது அந்தச் சட்டத்துக்கு விரோதம் என்று 1974-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சந்திப்புக்கு ஒரு வாரம் முன்பே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். தொலைபேசி வழியாகவாவது ஏற்பாடு செய்வார்கள். உங்களுக்குச் செலவு கிடையாது.