மும்பையில் ஐந்து நாள்: அடுப்படி உள்ள ஃபிளாட்டா, ஓட்டல் சாப்பாடா?

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் மதுரையிலிருந்து ஆறு பேர் மும்பை போகிறோம். மாமியாருக்குச் சர்க்கரை, மாத்திரை போடுகிறார். சின்னவனுக்கு நான்கு வயது, காரம் ஆகாது. அடுப்படியோடு ஃபிளாட் எடுத்தால் செலவு மிச்சம் என்கிறார் கணவர். ஊர் சுற்றப் போயும் நான்தான் சமைக்கணுமா என்று இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஃபிளாட் எடுங்கள், முழுச் சமையல் மட்டும் வேண்டாம். கணவர் கணக்கில் உங்கள் உழைப்புக்கு விலை போடவில்லை என்று தெரிகிறது. ஐந்து நாளுக்கு எண்ணெய், பருப்பு, உப்பு, மசாலா எல்லாம் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி, பாதியை ஃபிளாட்காரருக்கு விட்டுவிட்டு வருவதும் அந்தக் கணக்கில் இருக்காது.

எங்கே தங்குகிறீர்கள் என்று எழுதவில்லை. அதை வைத்துத்தான் மற்றதெல்லாம். தென்னிந்தியர் அதிகம் வாழும் மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிள், செம்பூர் பக்கம் இடம் கிடைத்தால் ஒரு கெட்டிலும் ஃபிரிட்ஜும் போதும். காலை டிபனுக்கு மாட்டுங்காவில் கஃபே மெட்ராஸ், ராம் ஆஷ்ரயா. மதியம் ஸ்டேஷன் எதிரில் ராமா நாயக் உடுப்பியில் இலைச் சாப்பாடு. ஞாயிறு காலை மட்டும் போகாதீர்கள், வரிசையிலேயே பசி ஆறிவிடும். அங்கே பழைய கடைகள் சில திங்களன்று விடுமுறை. கடல் தாண்டித் தீவில் இருக்கிற எலிஃபண்டா குகையும் திங்களன்று மூடியிருக்கும், திட்டம் போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தேரி கிழக்கு, பவாய், நவி மும்பை என்று தள்ளித் தங்கினால் கதை வேறு. பகல் முழுக்க தென் மும்பையில் கொலாபா, மரீன் டிரைவ் என்று அலைந்துவிட்டு டிராஃபிக்கில் ஊர்ந்து இரவு ஒன்பதுக்கு வந்து சேரும்போது, பையன் பாதித் தூக்கத்தில் இருப்பான். அப்போது ஒரு குக்கர் சாதமும் தயிரும் இருந்தால் பெரிய நிம்மதி. ஆகவே காலை காபி, இரவுத் தயிர்சாதம் இரண்டும் வீட்டில், மதியம் வெளியில். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், பாட்டில் ஊறுகாய் ஊரிலிருந்தே வரட்டும். விமானம் என்றால் ஊறுகாயும் மிளகாய்ப்பொடியும் செக்-இன் பெட்டியில்தான். கொப்பரைத் தேங்காயை எடுக்கவே எடுக்காதீர்கள், எளிதில் தீப்பிடிக்கும் பொருள் என்று தடுத்துவிடுவார்கள். ரயில் என்றால் சிலிண்டர் அடுப்புக்கு அனுமதி கிடையாது.

அரிசி அங்கேயே வாங்கலாம். பக்கத்துக் கடையில் பெரும்பாலும் கோலம் அரிசிதான் தருவார்கள். அது பச்சரிசி, நம்ம ஊர்ப் புழுங்கலரிசிக்கு வைக்கிற தண்ணீரை வைத்தால் குழைந்து கஞ்சியாகிவிடும். மாவு பாக்கெட், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், ஃபில்டர் காபித்தூள் எல்லாம் மாட்டுங்கா மார்க்கெட்டில் கிடைக்கும். இரவு மிஞ்சிய சாதத்தை வெளியில் வைத்துக் காலையில் சூடாக்கித் தராதீர்கள். சாதத்தில் வளரும் ஒருவகை பாக்டீரியாவின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சின்னவனுக்கும் மாமியாருக்கும் அது சோதனைதான்.

மாமியார் விஷயத்தில்தான் கவனம் தேவை. அவருடைய மாத்திரை கிளிமிபிரைடு வகை என்றால், சாப்பாடு தள்ளிப்போகும்போது சர்க்கரை கிடுகிடுவென இறங்கலாம். மும்பையில் பல உணவகங்கள் மதியம் மூன்று வாக்கில் சமையலை நிறுத்தி ஏழுக்குமேல்தான் திறக்கும். நடுவில் மாட்டினால் வடாபாவும் பேல்பூரியும்தான். எனவே அவர் பையில் பிஸ்கட், கடலை, மூன்று ஸ்பூன் சர்க்கரை மடித்த பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். மாத்திரை நேரத்தைக் கிளம்புமுன் அவருடைய டாக்டரிடமே கேட்டுவிடுங்கள். குஜராத்தித் தாலியில் பருப்பிலும் வெல்லம் போடுவார்கள். அதைத் தெரிந்து அளவாகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

எலிஃபண்டா போகிற நாள் மட்டும் கட்டுச்சோறு. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகுக்கே ஒரு மணி நேரம், பிறகு படி ஏறணும்; சாப்பாட்டுக்காகத் திரும்பி வர முடியாது. எலுமிச்சைச் சாதத்தை பிளாஸ்டிக் கவரில் கையில் தொங்கவிட்டால் படியிலேயே குரங்கு பறித்துக்கொண்டு போய்விடும். எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஜிப் வைத்த முதுகுப்பைக்குள் வையுங்கள்.

புக் செய்யுமுன் ஃபிளாட்காரரிடம் போனில் கேட்க வேண்டியது இவ்வளவு: அடுப்பு கேஸா, இண்டக்‌ஷனா? இண்டக்‌ஷன் என்றால் அலுமினியக் குக்கர் சூடேறாது, அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும். குக்கர் நிஜமாகவே இருக்கிறதா? படத்தில் பளபளக்கும் அடுப்படியைத் திறந்தால் ஒரே ஒரு வாணலியும் நாலு ஒயின் கிளாஸும் இருந்த வீடுகள் நிறைய. குடிதண்ணீருக்கு ஃபில்டர் உண்டா, குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், பாத்திரம் தேய்க்க வேலைக்கார அம்மா வருவாரா? முட்டை, மீன் சமைப்பதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சைவம் மட்டும் என்று சொல்கிற குடியிருப்புகள் அங்கே உண்டு.

வாடகை வித்தியாசத்தைக் கணக்கிட, நாள் ஒன்றுக்கு ஓட்டல் ரூமைவிட ஃபிளாட்டுக்கு எவ்வளவு கூட என்று பாருங்கள். 1,500 ரூபாய் கூட என்றால், ஆறு பேரின் காலை டிபனும் இரவுச் சாப்பாடும் வெளியில் அதைவிடக் கூடத்தான் வரும், ஃபிளாட் லாபம். 4,000 கூட என்றால் யோசிக்கவே வேண்டாம், மாட்டுங்காவில் ரூம் போடுங்கள். வெளியில் சாப்பிடும்போது பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அது கட்டாயமில்லை என்று அறிவித்தது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஜி.எஸ்.டி. வேறு, அதைக் கொடுத்தாக வேண்டும்.