கடவுச்சொல் போட்ட ஃபைலை மெயிலில் அனுப்பினால் பாதுகாப்பா?

ஃபைலைப் பூட்டிவிட்டு, கடவுச்சொல்லையும் அதே மெயிலில் எழுதி அனுப்பலாமா? வேண்டாம். ஃபைலைப் பூட்டுவது, அதாவது மறையாக்கம் என்பது, சாவியான கடவுச்சொல் இல்லாதவர் திறந்தால் ஒன்றும் புரியாதபடி ஃபைலைக் கலைத்து வைப்பது. மெயில் போய்ச் சேர்ந்ததும் மறைந்துவிடாது. இருவர் கணக்கிலும் வருடக்கணக்கில் கிடக்கும். ஒரு கணக்கு பறிபோனாலே ஃபைலும் கடவுச்சொல்லும் சேர்ந்து போய்விடும். பெட்டியைப் பூட்டி, சாவியை அதன் மேலேயே ஒட்டி அனுப்பிய கதைதான். கடவுச்சொல்லைப் போனில் சொல்லிவிடுங்கள்.

ஃபைல்களைச் சுருக்கி ஒரே ஃபைலாகக் கட்டும்போது, அதாவது ஜிப் செய்யும்போது, ஏஇஎஸ்-256 என்ற வலுவான மறையாக்க முறையைத் தேர்ந்தெடுங்கள். பழைய ஜிப் பூட்டு பலவீனமானது. அப்புறம் ஒன்று, பலர் கவனிப்பதில்லை: ஜிப்பைப் பூட்டினாலும் உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயர்கள் பெரும்பாலும் வெளியே தெரியும். 'பணிநீக்கப் பட்டியல்' என்று பெயர் வைத்தால் பூட்டியும் பயனில்லை.

பிரவுசரில் தெரியும் பூட்டுப் படத்தை நம்பி இருந்துவிடாதீர்கள். அது வழித்துணை மட்டுமே, போய்ச் சேர்ந்த ஃபைலுக்குக் காவல் இல்லை.