ஏழாவது சிம்பொனியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: மேற்கத்திய செவ்வியல் இசை கேட்க ஆசை. பாக், மொசார்ட், பீத்தோவன் என்று பெயர்கள்தான் தெரியும். எங்கே ஆரம்பிப்பது?

பதில்: கால வரிசைப்படி போகாதீர்கள், பாதியில் அலுத்துவிடும். சிம்பொனி என்பது பெரிய வாத்தியக் குழு வாசிக்கும், பல பகுதிகள் கொண்ட நீண்ட படைப்பு; முழுவதும் இப்போதைக்கு வேண்டாம். ஒரே ஒரு பகுதியை எடுத்து, மனதில் பதிகிறவரை கேளுங்கள். நான் யாருக்கும் முதலில் சொல்வது பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி, இரண்டாம் பகுதி. எட்டொன்பது நிமிடம்தான்.

காற்று வாத்தியங்கள் சேர்ந்து சோகமாக ஒரு ஒலி எழுப்பி அடங்கும். அப்புறம் வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த குரலுடைய தந்தி வாத்தியங்களான வயோலா, செல்லோ, டபுள் பேஸ் மூன்றும் அடிக்குரலில் தொடங்கும்: தாம் தக தாம் தாம். மெட்டு என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே சுரம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அடுத்த சுற்றில் இரண்டாம் வயலின்கள் (வயலின்காரர்களின் இரண்டாவது அணி) அதை வாங்கிக்கொள்ள, வயோலாவும் செல்லோவும் நீளமான வேறொரு மெட்டைப் பாட ஆரம்பிக்கும். இந்த இடத்தைத் தவற விடாதீர்கள். காது புது மெட்டின் பின்னாலேயே போய்விடும். ஆனால் அந்த ‘தாம் தக’ நிற்கவே இல்லை. ஒரு தடவை மெட்டை மட்டும் கேளுங்கள், இன்னொரு தடவை தாளத்தை மட்டும், பிறகு இரண்டையும் சேர்த்து. ஒரே நேரத்தில் இரண்டைப் பின்தொடரக் காது பழகிவிட்டால் இந்த இசையைப் பற்றிய மிரட்சி போய்விடும்.

1813 டிசம்பரில், போரில் காயம்பட்ட வீரர்களுக்காக வியன்னாவில் நடந்த நிதிக் கச்சேரியில் பீத்தோவனே இதை நடத்தினார். அவருக்குக் காது வெகுவாக மந்தமாகிவிட்ட காலம். இந்தப் பகுதியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொல்லிக் கூட்டம் கேட்டு வாங்கியது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

கேள்வி: பாக் இசை வெறும் கணக்கு என்கிறார்களே?

பதில்: அப்படிச் சொல்பவர்களிடம் செல்லோவுக்கான முதல் சூட்டின் (சூட் என்பது பெரும்பாலும் நடன வகை இசைத் துண்டுகளின் தொகுப்பு) முதல் பகுதியைப் போட்டுக் காட்டுங்கள். பக்கவாத்தியமே கிடையாது. தனி செல்லோ, இரண்டரை நிமிடம். ஒரே கருவி, ஆனால் கீழே ஒரு குரல் நிற்க, மேலே இன்னொன்று நகர்வதுபோல் கேட்கும். முடிவுக்குச் சற்று முன் ஒரு தந்தி அசையாமல் ஒலித்துக்கொண்டிருக்க, அதன்மேல் சுரங்கள் அரையரைப் படியாக ஏறுகின்றன. எத்தனை தடவை கேட்டாலும் அங்கே எனக்கு மூச்சு நின்றுவிடும். கணக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அந்தக் கணக்குதான் நம்மை உருக்குகிறது.

இந்த சூட்டுகளை வெறும் பயிற்சிப் பாடமாகத்தான் நெடுங்காலம் நினைத்தார்கள். செல்லோ கலைஞர் பாப்லோ காசல்ஸ் சிறுவனாக பார்சிலோனாவின் ஒரு பழைய கடையில் இவற்றின் இசைப் பிரதியைக் கண்டெடுத்தார். 1930களில் அவர் செய்த ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது.

கேள்வி: சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்க?

பதில்: விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’. 1725இல் அச்சானபோதே கூடவே கவிதைகளும் இருந்தன. ‘வசந்தம்’ இரண்டாம் பகுதியில் ஆட்டிடையன் தூங்குகிறான், இலைகள் சலசலக்கின்றன, நாய் குரைக்கிறது. அந்த நாய் வயோலா. பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மொசார்ட்டில் ஒன்றே ஒன்று?

பதில்: கிளாரினெட் கான்செர்ட்டோ, நடுப்பகுதி. கிளாரினெட் ஒரு குழல் வாத்தியம்; கான்செர்ட்டோவில் ஒரு தனி வாத்தியம் வாத்தியக் குழுவோடு சேர்ந்து வாசிக்கும். 1791இல், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், கிளாரினெட் வாசிக்கும் நண்பர் அன்டோன் ஸ்டாட்லருக்காக எழுதி முடித்தது. அவ்வளவு தெளிந்த இசை வேறெங்கும் நான் கேட்டதில்லை.

கேள்வி: கே. 622, ஓபஸ் 92 என்று எண்கள் வருகின்றனவே, அவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டுமா?

பதில்: மனப்பாடம் வேண்டாம். ஓபஸ் பெரும்பாலும் அச்சில் வந்த வரிசை எண். ‘கே.’ என்பது மொசார்ட்டின் படைப்புகளைத் தொகுத்து 1862இல் பட்டியல் வெளியிட்ட கோஷலைக் குறிப்பது. தேடும்போது எண்ணையும் சேர்த்துத் தேடினால் சரியான பதிவு கிடைக்கும். மேலே சொன்ன கிளாரினெட் கான்செர்ட்டோவின் 622க்குப் பதில் 581 வந்துவிட்டால் மாற்றாதீர்கள், அப்படியே கேளுங்கள்; அதுவும் ஸ்டாட்லருக்காக எழுதிய கிளாரினெட் குவின்டெட்தான், அதாவது ஐந்து பேர் சேர்ந்து வாசிப்பது.