லாக் நெஸ் பூதத்துக்கு இத்தனை போட்டோக்கள் இருக்கின்றனவே, ஒன்றுகூடவா உண்மையாக இருக்காது?

நான் விலங்கியல் படித்தவன் இல்லை. பிலிம் காலத்தில் பதினோரு வருடம் ஒரு ஸ்டுடியோவில் டார்க்ரூம் வேலை பார்த்தவன். அதனால் லாக் நெஸ் என்ற அந்த ஸ்காட்லாந்து ஏரிக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, படத்தின் ஓரத்தில் எதை வெட்டினார்கள் என்பதில்தான் என் கண் போகும்.

எல்லோரும் பார்த்திருக்கும் அந்தப் படத்தையே எடுத்துக்கொள்வோம். கறுப்பு வெள்ளை. தண்ணீருக்கு மேலே யானைத் துதிக்கை மாதிரி வளைந்த கழுத்து, சின்னத் தலை. 1934 ஏப்ரல் 21 அன்று லண்டன் டெய்லி மெயிலில் வந்தது. கொடுத்தவர் ராபர்ட் கென்னத் வில்சன் என்ற லண்டன் டாக்டர். தன் பெயரை இதில் இழுக்க வேண்டாம் என்றார். அதனால் 'சர்ஜன் எடுத்த படம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு டாக்டர் போய் இப்படிப் பொய் சொல்வாரா என்ற நம்பிக்கையிலேயே பல வருடம் ஓடியது.

பத்திரிகையில் வந்தது படத்தின் ஒரு துண்டுதான். முழுப் படமும் இருக்கிறது, தேடிப் பாருங்கள். பெரும்பகுதி வெறும் தண்ணீர். மேலே எதிர்க்கரை. நடுவில் அந்தக் கழுத்து, ஏதோ மிதக்கிற குச்சி மாதிரி சின்னதாக நிற்கிறது. அதைச் சுற்றி அலை இல்லை, வளையம் வளையமாகச் சிற்றலைதான். பேருந்து நீளத்துக்கு ஒரு பிராணி கழுத்தைத் தூக்கினால் தண்ணீர் இவ்வளவு மரியாதையாகவா நடந்துகொள்ளும்?

இதை நானே செய்திருக்கிறேன். இறந்துபோன அப்பாவுக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்று கல்யாண குரூப் போட்டோவைக் கொண்டுவருவார்கள். என்லார்ஜரை ஏற்றி அந்த ஒரு முகத்தையும் தோளையும் மட்டும் பிரிண்ட் போடுவேன். முழுப் படத்தில் மாப்பிள்ளையின் தோளுக்குக்கூட எட்டாத மனிதர், தனியாக எடுத்ததும் ஜமீன்தார் மாதிரி இருப்பார். வீட்டுக்காரர்களே அசந்துபோவார்கள். பக்கத்தில் ஆளில்லாவிட்டால் யாரும் உயரம்தான்.

சரி, அந்தக் கழுத்து யாருடையது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1933 டிசம்பரில் டெய்லி மெயில், மார்மடியூக் வெதரெல் என்ற வேட்டைக்காரரை ஏரிக்கு அனுப்பியது. போனவர் கரையில் பெரிய பெரிய காலடித் தடங்களைக் கண்டுபிடித்துவிட்டார். அச்சு எடுத்து லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அனுப்பினால், இது நீர்யானைக் கால், அதுவும் திரும்பத் திரும்ப ஒரே கால் என்று பதில் வந்தது. அந்தக் காலத்துப் பணக்கார வீடுகளில் பதப்படுத்திய காலைக் குடை செருக வைத்திருப்பார்களே, அந்த ரகம். ஊரே சிரித்தது.

அந்த அவமானத்துக்குப் பழிவாங்கத்தான் படம் தயாரானது. கடையில் வாங்கிய பொம்மை நீர்மூழ்கிக் கப்பலின் மேல் ஒரு அடி உயரத்துக்குக் கழுத்தும் தலையும். செய்தவர் வெதரெல்லின் மனைவி வழி மகன் கிறிஸ்டியன் ஸ்பர்லிங். சாவதற்குக் கொஞ்சம் முன்பு, தொண்ணூறு வயதில், அவரே ஒப்புக்கொண்டார். 1994-ல் விஷயம் வெளியே வந்தது. டாக்டரை உள்ளே இழுத்ததே அவர் வாய்க்கு இருந்த மதிப்புக்காகத்தான்.

மற்ற படங்களை வேகமாகவே தாண்டலாம். 1933 நவம்பரில் எடுத்த முதல் படம், வாயில் குச்சியைக் கவ்வி நீந்தும் நாய் என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஒரு தடவை நாயைப் பார்த்துவிட்டால் அப்புறம் பூதம் கண்ணில் படாது. 1951-ல் வந்த மூன்று திமில்கள், தார்ப்பாய் போர்த்திய வைக்கோல் கட்டுகள். 1972-ல் பூதத்தின் நீந்தும் துடுப்பு என்று தண்ணீருக்கடியில் எடுத்த படத்தில், மூலத்தில் மசமசவென்றுதான் ஏதோ இருந்தது. பிரசுரத்துக்குள் யாரோ அதற்கு விளிம்பு தீட்டியிருக்கிறார்கள். ரீடச் வேலை பார்த்தவனுக்குச் சொல்லித் தர வேண்டுமா! அதை நம்பி சர் பீட்டர் ஸ்காட் என்ற இயற்கை ஆர்வலர் 1975-ல் பூதத்துக்கு அறிவியல் பெயரே வைத்தார். அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் 'சர் பீட்டர் எஸ். செய்த பூத மோசடி' என்று வருவதை ஒரு எம்.பி. கண்டுபிடித்துச் சொன்னார். 2012-ல் ஒரு படகுக்காரர் வெளியிட்டது ஃபைபர் திமில். மறு வருடமே ஒத்துக்கொண்டார். 'இத்தனை படங்கள்' என்கிறீர்கள். சைபரோடு எத்தனை சைபரைக் கூட்டினாலும் என்ன வரும்?

ஆனால் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் எல்லோரும் புளுகர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஏரியின் நீளம் சுமார் 37 கிலோமீட்டர், ஆழம் 230 மீட்டர் வரை, கரை செங்குத்து, கரி மண் கலந்து தண்ணீர் கறுப்பாக இருக்கும். படகு கடந்து கண்ணுக்கு மறைந்த பிறகும் அதன் அலைகள் இரு கரையிலும் மோதித் திரும்பி நடுவில் சந்திக்கும். ஆளில்லாத ஏரியில் கறுப்புத் திமில்கள் வரிசையாக நகர்வதைப் பார்த்தால் எனக்கும் கை கேமராவுக்குத்தான் போகும்.

2018-ல் நியூசிலாந்தின் நீல் ஜெம்மல் குழு ஏரித் தண்ணீரை அள்ளி மரபணு தேடியது. ஊர்வன ஒன்றும் சிக்கவில்லை. விலாங்கு மீன் ஏராளம்.

நாளைக்கே தெளிவான படம் ஒன்று வந்தால் நம்புவேனா என்று கேட்டால், முதலில் வெட்டாத படத்தைக் கேட்பேன். அடுத்து, அதற்கு முன்னும் பின்னும் எடுத்தவை. ஏனென்றால் படம் நிஜமாகவே இருந்தும் ஏமாறலாம். 2016-ல் ஏரியின் அடியை அளந்த ஒரு ரோபோ ஒலியலையால் எடுத்த சோனார் படத்தில் ஒன்பது மீட்டர் நீளத்தில் நீண்ட கழுத்துடன் ஒன்று கிடந்தது. 1969-ல் ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் படப்பிடிப்புக்குச் செய்த பொம்மை அது. திமில் பிடிக்கவில்லை என்று இயக்குநர் கழற்றச் சொன்னாராம். அதை மிதக்க வைத்ததே அந்தத் திமில்கள்தான்.