சிவகாமி மகன் யாரு?

கேள்வி: அண்ணே, 'பட்டணத்தில் பூதம்' படத்துல வர்ற 'அந்த சிவகாமி மகனிடம் சேதி சொல்லடி' பாட்டுன்னா எனக்கு உசுரு. இப்ப வாட்ஸ்அப்ல ஒரு சேதி சுத்துது, அது காதல் பாட்டே இல்லையாம், காமராஜரோட அம்மா பேரு சிவகாமியாம், தன்னை காங்கிரஸ்ல சேத்துக்கச் சொல்லி கண்ணதாசன் அவருக்கு விட்ட தூதாம். அப்ப இத்தன காலமா அர்த்தம் புரியாமலா கேட்டுக்கிட்டு இருந்தேன்? உண்மையான உள்ளர்த்தத்த சொல்லுங்கண்ணே.
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: நல்லா புரிஞ்சுதான் கேட்டிருக்கீங்க தங்கச்சி. அந்த சேதிய எழுதுனவருதான் பாட்ட கேக்காம எழுதியிருக்காரு.

காமராஜர் அம்மா பேரு சிவகாமி, அது உண்மை. மத்ததுக்கு வருஷத்த பாருங்க. கண்ணதாசன் திமுகவ விட்டு வெளிய வந்தது 1961ல, ஈ.வெ.கி. சம்பத்தோட சேர்ந்து தமிழ் தேசியக் கட்சி ஆரம்பிச்சாரு, அந்தக் கட்சி 1964லயே காங்கிரஸோட இணைஞ்சிருச்சு. படம் வந்தது 1967ல. மூணு வருஷத்துக்கு முன்னாடியே உள்ள போய் உக்காந்த மனுஷன், என்னையும் சேத்துக்கங்கன்னு ஏன் தூது விடணும்? சரி, நடுவுல ஏதோ மனஸ்தாபம், அதுக்குத்தான் பாடுனாருன்னு சொல்றவங்களும் இருக்காங்க. எழுதறப்ப கவிஞர் மனசுல அந்த அம்மா பேரும் வந்து போயிருக்கலாம், அதை நான் மறுக்கல. ஆனா அது பாட்டு பொறந்த கதை, பாட்டோட அர்த்தம் வேற. இந்த ரெண்டையும் போட்டு குழப்புறதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

பாட்டுக்குள்ள என்ன இருக்கு? சிவகாமி பார்வதி, மகன் முருகன். அடுத்து 'வேலன் இல்லாமல் தோகை ஏதடி'ன்னு வருது, 'கண்கள் சரவணன் சூடிடும் மாலை'ன்னு வருது. ஒரு பொண்ணு தன் காதலன முருகனா வச்சு, தன்னை மயிலா வச்சு, தோழிகிட்ட சொல்லி அனுப்புறா. முருகன் இல்லாம மயிலுக்கு என்ன வேலைன்னு அவ கேக்குற கேள்வியில எவ்ளோ ஏக்கம் இருக்கு, அதுலயும் சுசீலாம்மா குரல்ல கேக்கறப்ப! அங்க கட்சி அரசியல கொண்டாந்து வச்சா அந்த மயிலு எங்க போகும், கன்னம் கண்ணு மாலையெல்லாம் என்னத்துக்கு ஆகும்? ஒரு வரிய மட்டும் திறந்துட்டு மத்த வரியெல்லாம் பூட்டியே வைக்கிற சாவி அந்தப் பாட்டோட சாவியே இல்ல.

உள்ளர்த்தம்னா நம்ம ஆளுங்க எப்படி வச்சாங்கன்னு பாக்கணும்னா குறுந்தொகை எட்டாம் பாட்ட படிங்க. வயலோரத்து மாமரம், பழுத்த பழம் தானா விழுது, குளத்து வாளை மீனு கவ்விக்குது, அப்படிப்பட்ட ஊர்க்காரன்னு தலைவன பத்தி பரத்தை, அதாவது அவன் மனைவிய விட்டுட்டுப் போய் பழகுன பொண்ணு, பேசுறா. மீனு மரம் ஏறல, கல்லு எறியல, பழம் தானா வந்து விழுந்துச்சு. நான் ஒண்ணும் அவன தேடி போகலடி, அவனாதான் வந்தான்னு அவ சொல்லாம சொல்லிட்டா. அதை எழுதுன புலவர் ஆலங்குடி வங்கனார் வீட்டுக் கதை தெரியணுமா இதுக்கு? மரமும் மீனும் போதும்.

இன்னொண்ணு, ஒளிச்சு பேச வேண்டிய கட்டாயம் கண்ணதாசனுக்கு என்ன இருந்துச்சு? மேடையிலயும் தன் பத்திரிகையிலயும் யாரு எவருன்னு பாக்காம பேர் சொல்லியே எழுதுனவரு. ஒளிச்சு பாட வேண்டிய கட்டாயம் நம்ம ரப்பர் தோட்டத்துல வேலை செஞ்ச பொம்பளைங்களுக்குத்தான் இருந்துச்சு. வேலை வாங்குற கங்காணியையும் கணக்கு எழுதுற கிராணியையும் நேரா ஒரு வார்த்தை கேட்டா மறுநாள் வேலைக்குப் பேரு விழாது, அதனால சொல்ல வேண்டியத தாலாட்டுலயும் ஒப்பாரியிலயும், புல்லு வெட்டுறப்ப பாடுற பாட்டுலயும் போட்டு வச்சாங்க. புள்ளைக்குப் பாடுற மாதிரி இருக்கும், கேக்க வேண்டியவனுக்கு சுருக்குன்னு தைக்கும். உங்க ஊரைச் சுத்தி கித்தா மரம், அதான் ரப்பர் மரம், நின்ன எடமெல்லாம் இப்ப எண்ணெய் எடுக்கிற செம்பனை, தொழிலாளிங்க வரிசையா குடியிருந்த லயத்து வீடுங்களும் போய்க்கிட்டே இருக்கு, அந்தப் பாட்டு தெரிஞ்ச பாட்டிங்க ஒவ்வொருத்தரா போறாங்க. வாட்ஸ்அப் சேதிய நம்பறதா வேணாமான்னு யோசிக்கிற நேரத்துல அவங்க பக்கத்துல போய் உக்காருங்க தங்கச்சி. யார பத்தி பாடுனீங்க, எந்தத் தோட்டத்துலன்னு கேளுங்க, சொல்லுவாங்க. அவங்க வாயில வந்த மாதிரியே, ஒரு வார்த்தையும் திருத்தாம எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல இதே பக்கத்துல போடுறேன்.