எண்ணெய்க் குதத்தில் விழுந்த விமானம்

அன்புள்ள ஐயாவுக்கு,

போர்க்காலத்தில் திருகோணமலைச் சீனக்குடாவில் பறந்த பிரித்தானிய விமானிகளின் பிள்ளைகள் திருகோணமலைக்கு வந்துபோனதைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி அங்கிருந்த எண்ணெய்க் குதம் (எண்ணெய் சேமிக்கும் பெரிய தொட்டி) எரிந்ததை, ‘ஒரு ஜப்பானிய விமானம் குதத்தில் விழுந்தது’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். விழவில்லை ஐயா, மோதினான். என் அம்மப்பா அப்போது சீனக்குடாவில் கூலி வேலை செய்தவர். விமானம் குதத்தை நோக்கி நேரே இறங்கியதைக் கண்ணால் கண்டதாகச் சாகும்வரை சொன்னார். அவருடைய மூத்த மகள், என் பெரியம்மா, இன்றும் அதையே சொல்கிறார். வெள்ளைக்கார விமானியின் பறப்புக் குறிப்பேட்டை நம்புகிற நீங்கள் எங்கள் ஆட்களின் வாயை ஏன் நம்புவதில்லை?

ஓய்வுபெற்ற ஆசிரியை, பாலையூற்று

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் கோபத்தில் பாதிக்கு நான் உரியவன். ஒரே வரியில் கடந்தது பிழை. ஆனால் ‘விழுந்தது’ என்ற சொல்லை மாற்றமாட்டேன்.

அம்மப்பா கண்டதை நான் மறுக்கவில்லை. விமானம் குதத்தை நோக்கி இறங்கியது, அதை அவர் கண்டார். ‘மோதினான்’ என்று சொன்னவுடன் அந்த விமானியின் மனதையும் கண்டதாக ஆகிவிடுகிறது. துப்பாக்கிச் சூடுபட்டு விமானம் கையை மீறிப் போனதா, இனி விமானம் தாங்கிய தாய்க்கப்பலுக்குத் திரும்ப முடியாது என்று தெரிந்து அவனே திருப்பினானா? கீழே நின்றவருக்கு இரண்டும் ஒரே காட்சிதான். அவனைக் ‘காமிகாசி’, அதாவது விமானத்தோடு மோதிச் சாகும் தற்கொலை விமானி, என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஜப்பான் அந்தப் பெயரில் படை கட்டியது 1944 அக்டோபரில்.

குறிப்பேட்டை நம்புகிறேன் என்கிறீர்கள். அதை நீங்கள் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டீர்கள். வந்தவர்களில் ஒரு பெண், எழுபதைத் தாண்டியவர், தகப்பனுடைய பறப்புக் குறிப்பேட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். திகதி, விமான வகை, பறந்த நேரம் என்று கோடு போட்ட பத்திகள். பகல் பறப்புக்கு நீல மை, இரவுக்குச் சிவப்பு. ஏப்ரல் 9க்கு எதிரே ‘ஹரிக்கேன்’ என்ற பிரித்தானியப் போர் விமானத்தின் பெயரும் சில நிமிடங்களும் மட்டும் இருந்தன. அடுத்த வரி அடுத்த நாளுக்குப் போய்விட்டது. எங்கள் கடைக்காரரின் கடன் கொப்பியில்கூட இதைவிடக் கூடுதலாக எழுதியிருக்கும்.

அன்று காலை ஜப்பானின் ஐந்து தாய்க்கப்பல்களிலிருந்து 130 அளவில் விமானங்கள் வந்தன. நான்கு நாள் முன்பு, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் ஹரிக்கேன்கள் தரையில் நிற்கும்போதே எதிரி தலைக்குமேல் வந்துவிட்டான். இங்கே ரேடார் முன்கூட்டியே காட்டிக்கொடுத்ததால் மேலே ஏற நேரம் கிடைத்தது. ஆனாலும் ஜப்பானியரின் சீரோ போர் விமானம் ஹரிக்கேனைவிடச் சுருக்கமாக வளையும். அதோடு போட்டிபோட்டு வளைந்தவன் தப்புவது கடினம். இதெல்லாம் குறிப்பேட்டுக்காரர் தன் மகளிடம் சொன்னதல்ல. வருடத்துக்கு ஒருமுறை பழைய விமானிகள் வீட்டில் கூடும்போது, தேநீர் கொண்டுபோன சிறுமியின் காதில் துண்டு துண்டாக விழுந்தது. அவர்கள் கூடுதலாகப் பேசியது ஓடுபாதைப் புழுதியையும் சவர்க்காரம் திருடிய குரங்கையும் பற்றித்தானாம்.

நிலாவெளி வீதியில் இருக்கும் போர் மயானத்தில் அந்தப் பெண் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “அந்தப் புகை எத்தனை நாள் நின்றது? அப்பா புகையைப் பற்றிப் பேச்செடுத்தால் நிறுத்திவிடுவார்.” என் அம்மம்மா சொன்னதைச் சொன்னேன். கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சேலையில் கரி படிந்து, இரண்டு முறை தோய்த்தும் போகாமல், கறுப்புச் சேலையாகவே கட்டினாராம். சித்திரை வருடப்பிறப்புக்கு நான்கைந்து நாள்தான் இருந்தது. புதுத்துணி யாரும் எடுக்கவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் போனார்கள். அந்தப் பெண் இதைக் குறிப்பேட்டின் பின் அட்டையில், பென்சிலால், எழுதிக்கொண்டார்.

அன்றே மட்டக்களப்புக் கடலில் பிரித்தானியக் கப்பல் ஹேர்மிஸ் மூழ்கி 307 பேர் இறந்தார்கள். விமானம் தாங்கிக் கப்பல், ஆனால் அதில் அன்று ஒரு விமானமும் இல்லை. தேநீர் மேசையில் அந்தப் பெயர் வந்தாலும் பேச்சு நின்றுவிடுமாம்.

நான் சொல்ல வருவது இதுதான், ரீச்சர். அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் உயிரோடு தரையிறங்கியவர்கள். வானத்துக் கதை அவர்களுடையது, புகைக் கதை எங்களுடையது. குதத்தில் விழுந்தவன் எந்த மேசையிலும் உட்காரவில்லை. அவன் இடத்தில் உட்கார்ந்து, அவன் மனதில் இருந்தது இதுதான் என்று சொல்ல அந்த ஹரிக்கேன்காரருக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. சீனக்குடாவில் 99 குதம் என்று இன்று செய்தியில் கேட்கிறோமே, அன்று எரிந்த குதமாகக் காட்டுக்குள் உருகிச் சுருண்டு கிடக்கும் இரும்புக் குவியல் அந்தக் கணக்கில் சேராதது.

பெரியம்மாவுக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது இருந்திருக்கும். அவரிடம் எனக்காகக் கேட்டு எழுதுங்கள்: அம்மப்பா அந்த விமானத்தைக் கண்டபோது அதிலிருந்து ஏற்கெனவே புகை வந்துகொண்டிருந்ததா? அவர் சொல்வதை ஒரு எழுத்தும் திருத்தாமல் அடுத்த பதிவில் போடுகிறேன்.